நாற்பத்தோரு மூட்டை

அந்த மருத்துவமனையில் யாரைக் கேட்டாலும் மூட்டை அக்காவைத் தெரியும். அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அவள் செய்வது ஒரே வேலை. வார்டுகளிலிருந்து தள்ளுவண்டிகளில் வந்து இறங்கும் அழுக்குப் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து உதறுவாள். துணிக்குள் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு மூட்டையாகக் கட்டிச் சுவரில் இருக்கும் ஓட்டைக்குள் தள்ளிவிடுவாள். அந்த ஓட்டை, தகரம் அடித்த ஒரு சரிவாகக் கீழே நிலவறைக்குப் போகிறது. அதை அங்கே எல்லோரும் ‘தொண்டை’ என்று சொல்வார்கள். போடுவதை எல்லாம் சத்தமில்லாமல் விழுங்கிக்கொள்வதால் வந்த பெயர்.

உதறும்போது என்னென்னவோ வந்து விழும். மூக்குக்கண்ணாடி, மோதிரம், பாதி எழுதிய கடிதம். ஒரு முறை முழுப் பல்செட் ஒன்று கிடைத்தது. அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு ஆறு வார்டு ஏறி இறங்கினாள். “ரெண்டு பேரு போட்டுப் பார்த்துட்டு, இது என்னுது இல்லன்னு கழட்டிக் குடுத்தாங்க” என்று சொல்லி இஸ்திரிக் கூடத்துப் பெண்களைச் சிரிக்க வைத்தாள். அவள் கணவர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். பெரிய சுகமும் இல்லை, பெரிய குறையும் இல்லை என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கை. அதில் ஒரே ஒரு முள் இருந்தது. அந்த முள்ளின் பெயர் நீராவி.

நீராவி என்பது தொண்டையின் மறுமுனையில், நிலவறையில், நான்கு சலவை இயந்திரங்களோடு தனியாக வேலை செய்தவனுக்கு வைத்த பட்டப்பெயர். எப்போது பார்த்தாலும் வேர்த்து ஒழுகி, சட்டையிலிருந்து ஆவி பறக்க மேலே வருவான். அக்காவைவிடப் பத்து வயது இளையவன்.

அக்காவும் அவனும் எட்டு வருடமாக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அதற்கு முன்னால் அப்படி இல்லை. தொண்டைக்குள் வாயை வைத்து, “தம்பி, டீ வந்தாச்சு” என்று கத்துவாள். “வர்றேங்கா” என்று கீழேயிருந்து குரல் வரும். இயந்திரங்கள் ஓடும்போது கத்தினாலும் கேட்காது. அதற்காக அவர்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். தொண்டையை ஒட்டி மேலிருந்து கீழ்வரை ஒரு பழைய இரும்புக் குழாய் போகிறது. அதன் இரண்டு முனையிலும் சங்கிலியில் ஒரு ஸ்பேனர் தொங்கும். மூட்டை கீழே விழுந்ததும் அவன் அதை இழுத்துப் போட்டுவிட்டுக் குழாயில் ஒரு தட்டு தட்டுவான். எடுத்தாச்சு, அடுத்ததைப் போடு என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் ஆள் வேண்டும், வா.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், வண்டிகள் வரிசையாக வந்து நின்ற அவசரத்தில், ஒரு மூட்டையை அக்கா உதறாமலே கட்டித் தள்ளிவிட்டாள். வாழ்க்கையில் ஒரே ஒரு மூட்டை. அதற்குள் ஒரு ஊசி இருந்தது. யாருக்கோ போட்டுவிட்டு விரிப்பிலேயே விட்டுவிட்ட ஊசி. அது நீராவியின் கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் இறங்கிவிட்டது.

அவன் மேலே ஏறி வந்தான். இஸ்திரிக் கூடமே திரும்பிப் பார்த்தது. “பார்த்துப் போட மாட்டீங்களாக்கா?” என்று மட்டும் கேட்டான். குரலில் கோபம்கூட இல்லை. பயம்தான் இருந்தது. தன் தப்பு என்று அக்காவுக்கு அந்த நொடியே தெரியும். ஆனால் பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாயிலிருந்து வந்தது வேறு. “கையுறை போடாம வேலை செஞ்சா இப்படித்தான் ஆகும். நீ பார்த்து எடுத்திருக்கணும்.”

ஓட்டை விழுந்த கையுறையைக் கழற்றி அவள் மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே போனான்.

நோய் ஏதும் தொற்றியிருக்குமோ என்று ஆறு மாதம் அவனுக்கு ரத்தப் பரிசோதனைகள் நடந்தன. அவனுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. தூக்கினால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியும் அவன் கேட்கவில்லை. ஆறு மாதமும் குழந்தையைத் தொடவில்லை. தனியாக முன்னறையில் படுத்தான். கடைசியில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தபோது, ஓடிப்போய்த் தூக்கிய அப்பனைப் பார்த்து, யாரோ அந்நியன் தூக்கிவிட்டான் என்று வீறிட்டு அழுததாம் அந்தக் குழந்தை. இதை எல்லாம் அக்காவுக்கு மற்றவர்கள் சொன்னார்கள்.

மன்னிச்சிடு என்பது ஒரே ஒரு வார்த்தை. முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு மூச்சில் போயிருக்கும். நாள் ஆக ஆக அது தொண்டைக்குள்ளேயே வளர்ந்தது. பிறகு வாய் வழியாக வர முடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அவள் கணவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். “நான் கத்தியைக் கழுத்துல வச்சுக்கிட்டே ஊர் முழுக்கச் சிநேகம் பிடிச்சு வச்சிருக்கேன். உனக்கு நடுவுல ஒரு சுவரே இருக்கு. ஒரு வார்த்தை பேச முடியல?” சிரிப்பு வந்தது. பேச்சு வரவில்லை.

ஆனால் வேலை நடந்தது. ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மூட்டை விழும். தட்டு வரும். அடுத்த மூட்டை விழும். துவைத்துக் காய்ந்த துணி, கூண்டு என்று சொல்கிற சின்ன லிஃப்டில் மேலே ஏறி வரும். எட்டு வருடத்தில் அவனுடைய தட்டை வைத்தே அவன் மனசைச் சொல்லிவிடுவாள் அக்கா. நல்ல நாளில் சின்னதாக, வெடுக்கென்று இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கனமாக விழும். அவன் விடுப்பில் போய் வேறு ஆள் வந்தால் முதல் தட்டிலேயே தெரிந்துவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் நிர்வாகம் ஒரு வகுப்பு வைத்தது. உடன் வேலை செய்கிறவர்களோடு எப்படிப் பேசிப் பழகுவது என்பது பாடம். வெளியிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். காலையில் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள், குறையைத் தனியாகச் சொல்லுங்கள், நிறையைப் பத்துப் பேர் முன்னால் சொல்லுங்கள் என்று பலகையில் எழுதினார். பிறகு, தினமும் யாரோடு அதிகம் வேலை செய்கிறீர்களோ அவர்களுக்கு எதிரே நின்று அவர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்றார்.

மூட்டை அக்காவும் நீராவியும் எதிரும் புதிருமாக நின்றார்கள். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சலவைக் கூட மேற்பார்வையாளர் மூச்சு விட்டாலே மூக்கில் விசில் சத்தம் வரும். அதனால் அவருக்கு விசில் என்று பெயர். அந்த விசில்கூட அப்போது கேட்கவில்லை. அக்கா சுவரைப் பார்த்தபடி, கூண்டுக் கதவை அவர் சத்தமில்லாமல் சாத்துவார் என்றாள். நீராவி அவள் செருப்பைப் பார்த்தபடி, “அவங்க அவசரப்படுத்தித் தட்ட மாட்டாங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் நல்லது என்று எழுதிக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அக்கா அழுதாள். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று கணவரிடம் சத்தியம் செய்தாள். நாளை வந்தது. மறுநாளும் வந்தது. பதினைந்து நாட்கள் போய்விட்டன.

பதினாறாவது நாள் காலை ஒன்பதரை மணி இருக்கும். வெளியே நல்ல வெயில். அக்கா அன்றைக்கு ஏழோ எட்டோ மூட்டை போட்டிருந்தாள். அடுத்த மூட்டை விழுந்ததும் வந்த தட்டு அவளுக்கு என்னவோ போல இருந்தது.

தட்டு சரியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு தட்டு. தெளிவான தட்டு. ஆனால் அதில் கை இல்லை. இதைப் பின்னால் விசாரணையில் அவள் சொன்னபோது யாருக்கும் புரியவில்லை. ஸ்பேனர் ஒரு கையில் இருந்தால், அந்தக் கையின் களைப்போ எரிச்சலோ கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டு வரும். இதில் ஒன்றுமே ஒட்டவில்லை. வேறு ஆள் வந்திருக்கிறானோ என்று முதலில் நினைத்தாள். ஆனால் காலையில் அவன் படியிறங்கிப் போனதைக் கண்ணால் பார்த்திருந்தாள்.

போட்டாள். தட்டு வந்தது. போட்டாள். தட்டு வந்தது. எண்ணி வைத்தால்தான் பிறகு நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றோ என்னவோ, கை இல்லாத அந்த முதல் தட்டுக்குப் பிறகு மூட்டைகளை எண்ண ஆரம்பித்தாள்.

பத்தாவது மூட்டையில் இன்னொன்றைக் கவனித்தாள். வழக்கமாக மூட்டை விழுந்து, அவன் அதை இழுத்துப் போட்டு, நிமிர்ந்து தட்டுவதற்கு ஒரு நிமிடமாவது ஆகும். இப்போது அந்த நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. இருபதாவது மூட்டைக்கு, அது கீழே போய்ச் சேரும் முன்பே தட்டு வந்துவிட்டது. முப்பதாவது மூட்டையை அவள் இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். குழாய் தட்டியது. போடு.

வேண்டுமென்றே சீண்டுகிறானா? வகுப்பில் எல்லோரும் சிரித்ததற்குப் பழி வாங்குகிறானா? கோபமும் பயமும் கலந்து வந்தன. கோபத்தைப் பிடித்துக்கொள்வது சுலபமாக இருந்தது. மூட்டைகளை வேகமாகத் தள்ளினாள். முப்பத்தைந்து. முப்பத்தெட்டு.

நாற்பத்தொன்றாவது மூட்டை போகும்போது இஸ்திரிக் கூடத்திலிருந்து விசில் வந்தார். கூண்டை மேலிருந்து மூன்று தடவை வரவழைத்தும் காலியாகத்தான் வந்தது, பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், கீழே என்ன நடக்கிறது என்று கேட்டார். அக்கா குழாயைக் காட்டினாள். அவர் காதுபடவே அது தட்டியது. ஒரே தட்டு.

“அவன்தான் தட்டுறானே, அப்புறம் என்ன” என்றார் விசில்.

அக்கா ஸ்பேனரை எடுத்து இரண்டு தட்டினாள். நிறுத்து. கீழேயிருந்து ஒன்று வந்தது. மூன்று தட்டினாள். மேலே வா. ஒன்று வந்தது. எந்த அர்த்தமும் இல்லாத நான்கைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றுதான் வந்தது. போடு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இயந்திரச் சத்தம் இல்லை. நான்கு இயந்திரங்களில் ஒன்றுகூட ஓடவில்லை. எப்போதிலிருந்து ஓடவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் குழாயை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டு வருடம் கழித்துத் தொண்டைக்குள் தலையை நுழைத்தாள். “தம்பி” என்று கூப்பிட்டாள். ஈர வாடை வந்தது. இருட்டு. “தம்பி, பதில் சொல்லு” என்றாள். அவள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் குழாய் நிதானமாக ஒரு தட்டு தட்டியது.

அக்கா படிக்கட்டை நோக்கி ஓடினாள்.

கீழே போக இருபத்து மூன்று படிகள். இந்த எட்டு வருடத்தில் அவள் அதில் கால் வைத்ததில்லை. பாதிப் படியிலேயே காற்று கனமாகிவிட்டது. கடைசிப் படியில் கால் வைத்தபோது தண்ணீர் கணுக்காலை நனைத்தது. கதவைத் தள்ளினாள்.

நான்கு இயந்திரங்களும் வட்டக் கண்ணாடிக் கதவுகளோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றன. முதல் இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாய் கழன்று கிடந்தது. வடிகாலைப் பஞ்சும் நூலும் அடைத்திருந்தன. தொண்டை வாய்க்கு நேர் கீழே தரை சரிந்து பள்ளமாக இருக்கும். தண்ணீர் முழுக்க அங்கேதான் போய் நின்றிருந்தது. அந்தப் பள்ளத்தின் மேல் கூரையைத் தொடும் அளவுக்கு மூட்டைகள் குவிந்திருந்தன. எல்லாம் அவள் கட்டிய மூட்டைகள். எல்லாம் அவள் போட்ட முடிச்சு.

குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

உயிரோடு புதைத்துவிட்டேனே என்ற எண்ணம் ஒன்றுதான் அவளுக்குள் இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒருவனை, கேட்காமலே, தன் கையாலே, ஒவ்வொரு மூட்டையாகப் புதைத்துவிட்டேனே. அவள் மூட்டைகளைப் பிடித்து இழுத்தாள். நீர் குடித்த ஒவ்வொரு மூட்டையும் ஒரு ஆள் கனம் கனத்தது. “இருடா தம்பி, இரு, போயிடாத, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று அழுதுகொண்டே இழுத்தாள்.

பதினோரு மூட்டைகளை அப்புறப்படுத்திய பிறகு சுவர் தெரிந்தது. குழாய் தெரிந்தது. குழாயின் கீழ்முனையில், குவியலுக்கும் சுவருக்கும் நடுவே எந்தக் கையும் நுழைய முடியாத இடத்தில், சங்கிலியில் ஸ்பேனர் தொங்கியது. அசையவில்லை. அவ்வளவு ஈரத்துக்கு நடுவே அது காய்ந்து கிடந்தது.

இன்னும் இரண்டை இழுத்ததும் முகம் தெரிந்தது. இரண்டு மூட்டைகளுக்கு நடுவே ஒரு குழி போல அமைந்து, அதற்குள் மல்லாந்து கிடந்தது அந்த முகம். தலைக்குக் கீழே ஒரு மூட்டை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மூச்சு வந்துகொண்டிருந்தது.

விசில் ஆட்களோடு இறங்கி வந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். அதுவே மருத்துவமனை என்பதால் ஆறு நிமிடத்தில் டாக்டர் கையில் இருந்தான். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். விழுந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், விழுந்த நிமிடத்திலிருந்தே நினைவு இருந்திருக்காது, விரலைக்கூட அசைத்திருக்க முடியாது என்றார்கள். பிழைப்பானா என்பதைச் சில நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

மறுநாள் விசாரணை நடந்தது. மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கீழே இருக்கிறவர் பதில் தராமல் இரண்டு மணி நேரம் ஏன் மூட்டை போட்டீர்கள் என்று கேட்டார்கள். பதில் வந்தது என்றாள் அக்கா. யார் தட்டியது என்று கேட்டார்கள். அவள் விசிலைத் திரும்பிப் பார்த்தாள். விசிலைக் கேட்டார்கள். அப்படி எதுவும் தனக்கு ஞாபகம் இல்லை என்றார் அவர்.

கட்டிடப் பொறியாளர் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். உள்ளே ஆவியின் அழுத்தத்தால் குழாய் தானாகச் சத்தம் போட்டிருக்கலாம் என்று மேசைக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டார். அந்தக் குழாயைப் பதினைந்து வருடத்துக்கு முன்னாலேயே கொதிகலனிலிருந்து வெட்டி, இரண்டு முனையையும் மூடி வைத்திருக்கிறார்கள். உள்ளே நீரும் இல்லை, ஆவியும் இல்லை. பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது.

“மூட்டை விழுந்ததால ஆபத்துன்னு எல்லாரும் பேசுறீங்க. அந்தப் பள்ளத்துல எவ்வளவு தண்ணி நிக்கணும்னு நான் அளந்தேன். அந்தத் துணி அத்தனையும் உறிஞ்சலன்னா, தண்ணி அவர் மூக்குக்கு மேல ஒரு முழம் போயிருக்கும்.”

நாற்பத்தோரு மூட்டை என்று அக்கா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். போடு, போடு என்று கேட்டது எதுவோ, அது எதற்காகக் கேட்டது என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மனதில் எழுந்தது பயமா நன்றியா என்று அவளுக்கே தெரியவில்லை.

உடன் வேலை செய்கிறவர்களுக்கிடையே பேச்சுத் தொடர்பு போதாமையால் நேர்ந்த விபத்து என்று எழுதி மூடினார்கள். வெளியே தண்ணீர்க் குழாயடியில் விசில் அவளை நிறுத்தினார். மூக்கு சீழ்க்கை அடித்தது. “எனக்கும் கேட்டுச்சும்மா. எத்தனை தடவைன்னுகூடத் தெரியும். அங்க சொல்லச் சொல்லாதீங்க. பைத்தியம்னு சீட்டு குடுத்து அனுப்பிடுவாங்க” என்றார்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நீராவியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எட்டு வயதுப் பெண் குழந்தை. அவன் மனைவி எழுந்து வந்து முகத்தில் அறைந்தால்கூட வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு அக்கா அந்த நீண்ட நடைபாதையில் போனாள்.

“நீங்கதான் மேல இருக்குற அக்காவா?” என்று கேட்டாள் அந்தப் பெண். ஆமாம் என்றதும் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவர் வீட்டில் தினமும் உங்களைப் பற்றிச் சொல்வார் என்றாள். இன்றைக்கு அக்காவுக்கு முழங்கால் வலி போல, மூட்டை லேட்டாக விழுந்தது. இன்றைக்கு அக்கா மகள் வந்திருக்கிறாள் போல, ஒரே சந்தோஷமாக மூட்டை விழுந்தது. அப்படியே சொல்வாராம். அக்கா அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான்கு நாட்கள், வேலை முடிந்ததும் அவள் அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே போக அனுமதி கிடைத்த ஒவ்வொரு முறையும் மனைவியையே போகச் சொன்னாள். அவன் கண் விழிக்காமல் போய்விட்டால், அந்த வார்த்தையை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற ஒரே கவலை அவளைத் தின்றது.

ஐந்தாம் நாள் காலை அவன் கண் திறந்தான்.

மத்தியானம் அக்காவை உள்ளே விட்டார்கள். அவன் உடம்பின் இடது பக்கம் அசையவில்லை. வெள்ளை விரிப்பில் கிடந்தான். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி நாளைக்கு என்று ஆகிவிடும் என்று பயந்தாள்.

“அந்த ஊசி நான் உதறாமப் போட்டது. நீ கையுறை போட்டிருந்த. எனக்கு அப்பவே தெரியும். மன்னிச்சிடு தம்பி.”

அவ்வளவுதான். எட்டு வருடத்தில் மலையாக வளர்ந்திருந்தது, சொல்லிப் பார்த்தால் நான்கே வரி. அவன் கண்ணின் ஓரம் ஈரமானது. கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

“தெரியும்கா. தினமும்... கேட்டீங்களே.”

“நான் எங்கடா கேட்டேன்?”

அவன் சொல்லச் சொல்ல அவளுக்கு விளங்கியது. துணி உதறும்போது அவளுக்கு வாய் சும்மா இருக்காது. தனியாக இருக்கிறோம் என்று நினைத்து எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். முழங்கால் வலி, மகள் வருகை, கணவருடைய கேலி. அப்புறம், என்னை மன்னிச்சிடுடா தம்பி என்று ஒத்திகை. இயந்திரங்கள் நிற்கும்போதெல்லாம் தொண்டை அத்தனையையும் கீழே கொண்டுபோய் அவன் காதில் போட்டிருக்கிறது. நேரில் ஒரு தடவை சொல்வாள் என்று அவனும், ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று அவளுமாக எட்டு வருடத்தை ஓட்டியிருக்கிறார்கள். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. “கேட்டுக்கிட்டே கல்லு மாதிரி இருந்திருக்கியே” என்றாள். அவன் வாயின் ஒரு பாதி சிரித்தது.

பிறகு அவன் கூரையைப் பார்த்தான். “அன்னிக்கும் கேட்டுச்சுக்கா” என்றான்.

“எது?”

“நான் விழுந்து கிடந்தப்ப. டாக்டர் நினைவு இருக்காதுங்கிறார். ஆனா எனக்குக் கேட்டுச்சு. நீங்க மேல பேசிக்கிட்டே இருந்தீங்க.” மூச்சு வாங்கிக்கொண்டான். “உங்ககூட இன்னொருத்தங்க இருந்தாங்களே, அது யாருக்கா?”

அக்கா விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

“பொம்பளைக் குரல். ரொம்ப நிதானம். நீங்க ஒவ்வொரு தடவையும் போதுமா, போதுமான்னு முணுமுணுப்பீங்க. அவங்க, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.”

ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல். நடைபாதையில் யாரோ தள்ளுவண்டி உருட்டிப் போகும் சத்தம். அந்த இரண்டு மணி நேரமும் அவள் அறையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. விசில் வந்ததே கடைசியில்தான். போதுமா என்று தான் முணுமுணுத்தது மட்டும் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. யாரைக் கேட்டோம் என்பது ஞாபகம் வரவில்லை.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிழைத்து எழுந்து அரை நாள்கூட ஆகாத மனிதன். அந்தக் கண்ணில் இருந்த நம்பிக்கையை உடைக்க அவளால் முடியவில்லை.

“ஆமா தம்பி. புதுசா வந்த ஒருத்தங்க. ஒத்தாசைக்கு நின்னாங்க” என்றாள்.

“நல்லவேளை” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. குழாயை அறுத்துக் கொண்டுபோய்விட்டார்கள். கீழே இப்போது இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். யாரும் தனியாக இருக்கக் கூடாது என்பது சட்டம். சுவரில் ஒரு தொலைபேசி இருக்கிறது. கீழே இருப்பவன் தன் பெயரைச் சொல்லி, போடலாம் என்று வாயால் சொன்னால்தான் மூட்டை போகும். இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவள் அக்காதான். பெயர் சொல்லச் சோம்பல்பட்டு வெறும் ‘உம்’ கொட்டினால் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள்.

நீராவிக்கு இடது கை இன்னும் முழுக்க வரவில்லை. அவனை மேலே மாற்றிவிட்டார்கள். அக்காவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து தலையணை உறைகளை உதறுகிறான். காலையில் ஆரம்பிக்கிற பேச்சு மாலைவரை ஓயாது. எட்டு வருடத்துப் பாக்கி பேச்சையும் சேர்த்துப் பேசுகிறார்கள். காது வலிக்கிறது, பழையபடி சண்டை போட்டுத் தொலையுங்கள் என்று இஸ்திரிக் கூடத்துப் பெண்கள் கும்பிடு போடுகிறார்கள். பள்ளி விடுமுறையில் அவன் மகள் வந்தால் அக்காவின் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். அக்காவும் நீராவியும் ஒருவருக்கொருவர் சொல்லாத விஷயம் என்று எதுவும் இல்லை.

ஒன்றைத் தவிர.

சில நாள் மத்தியானத்தில், வண்டிகள் வராத நேரத்தில், தொண்டைக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வரும்போது, அவன் உதறுவதை நிறுத்திவிட்டு அந்த இருட்டைப் பார்ப்பான்.

“அக்கா, அன்னிக்கு உங்ககூட இருந்தாங்களே, அவங்க மறுபடி இந்தப் பக்கம் வரவே இல்லையா?”

“வேற இடத்துக்கு மாத்திட்டாங்க தம்பி.”

“வந்தா சொல்லுங்க. ஒரு வார்த்தை நேர்ல நன்றி சொல்லணும். உங்கள மாதிரி எட்டு வருஷம் தள்ளிப் போடக் கூடாது பாருங்க.”

“சரி, சொல்றேன்” என்பாள் அக்கா. அவன் முகத்தைப் பார்க்காமல் அடுத்த விரிப்பை எடுத்து, நான்கு மூலையும் பிடித்து, நன்றாக உதறுவாள்.